ஆறு கிலோ பை

கன்னையா கடைக்குப் பீடி வாங்கப் போனபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது.

"இன்னா லஷ்கரு, உன் சம்சாரம் ரெண்டு நாளா ஒரு பையத் தூக்கினு வந்து என் தராசுல வெச்சு எடை பாத்துக்கினு போவுது. ஒண்ணும் வாங்கல. ஊருக்கு கீருக்குப் போவப் போவுதா?" என்று கேட்டார் கன்னையா.

எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "ஆமா, ஒரு வேல இருக்குது" என்று மழுப்பிவிட்டு வந்தேன். வழியெல்லாம் அதே யோசனை. எங்கே போகிறாள்? அதுவும் எடை பார்த்துக்கொண்டு போகிற ஊர் எது? விமானம் ஏறப் போகிறாளா என்ன?

நான் செங்கல்வராயன். ஆந்திர எல்லைக்குள் இருக்கிற பிச்சாட்டூர் அணையில் லஷ்கர் வேலை. மேலே இருந்து உத்தரவு வந்தால் முதலில் சைரன் ஊதுவேன், அப்புறம் பட்டனை அழுத்துவேன். மதகுக் கதவு ஏறும், தண்ணீர் ஆற்றில் இறங்கும். எங்கள் வீடோ ஆற்றை ஒட்டிய பள்ளத்தில் இருக்கிறது. நான் திறக்கிற தண்ணீர் கரை தாண்டினால் முதலில் என் வீட்டுக்குள்தான் நுழையும். இதைச் சொல்லி என்னைக் கிண்டல் செய்யாத ஆள் ஊரில் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மூடி வைத்த எதையும் திறந்து பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. என் சம்சாரம் கன்னிகா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன நேரம் பார்த்துச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போனேன். ஆணியில் எங்கள் மகள் யாமினியின் பழைய ஸ்கூல் பை தொங்கியது. இறக்கித் திறந்தேன்.

மேலேயே ஒரு காலண்டர் தாள் மடித்து வைத்திருந்தது. சச்சிவாலயத்தில், அதாவது எங்கள் ஊர் அரசாங்க ஆபீசில், வெள்ள எச்சரிக்கை நோட்டீஸ் ஒன்று தெலுங்கில் கொடுத்திருந்தார்கள். யாமினி இன்டர் இரண்டாம் வருஷம், தமிழ்நாட்டு பிளஸ் டூ மாதிரி; அவளைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, எடுத்துப்போக வேண்டியவற்றைக் கன்னிகா தன் கையெழுத்தில் தமிழில் எழுதியிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கிராம் கணக்கு. தண்ணீர் பாட்டில் இரண்டு, இரண்டாயிரம். வேர்க்கடலை ஐந்நூறு. வெல்லம் இருநூறு. டார்ச், பேட்டரி, தீப்பெட்டி, கயிறு, விசில். ஆதார், ரேஷன் கார்டு ஜெராக்ஸ். ஒரு சேலை, ஒரு சுடிதார், நாப்கின். கடைசியில் ஐந்து கிலோ தொள்ளாயிரம் என்று கூட்டிக் கோடு போட்டிருந்தது.

விசில் எதற்கு என்று யோசித்தேன். மாட்டிக்கொண்டால் ஊதுவதற்கு என்று புரிந்தது. யாமினிக்குச் சின்ன வயதிலிருந்து இழுப்பு உண்டு. அவள் உறிஞ்சுகிற இன்ஹேலர் ஒரு டப்பாவில் இருந்தது, ஒன்றுக்கு இரண்டாக. ஜன்னலில் வேறு ஒன்று எப்போதும் இருக்கிறது. மூன்று எதற்கு என்பதுதான் புரியவில்லை.

இன்னொரு தடவை அடிவரைக்கும் கையை விட்டுத் துழாவினேன். என் சட்டை இல்லை. வேட்டி இல்லை. என் ஆதார் நகல்கூட இல்லை. பத்தொன்பது வருஷம் ஒன்றாகக் குடும்பம் நடத்தி, அந்தப் பையில் எனக்கு ஒரு பனியனுக்கு இடமில்லை. எனக்குச் சுருக்கென்றது.

மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டேன். "அந்தப் பையில எனக்கு இன்னா வெச்சிருக்கிற?"

கன்னிகா நிமிரவில்லை. "ஒண்ணும் வெக்கல."

"ஏன்?"

"சைரன் ஊதினா நீங்க எப்போ எங்ககூட வந்தீங்க?"

"வேல அப்படி. அதுக்காக என்னை அம்போன்னு விட்டுடுவியா?"

அவள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். "நாலு வருஷத்துக்கு முன்ன பெருமழை வந்துச்சே. உங்க வேட்டி, சட்ட, கம்பளி, உங்க பங்கு சோறு எல்லாம் கட்டினு மேட்டு ஸ்கூலுக்குப் போனேன், எப்படியும் வருவீங்கன்னு. ரெண்டு நாள் அந்த மூட்டையக் காத்துக்கினு உக்காந்திருந்தேன். உங்க மூட்டையத் தூக்கற அவசரத்துல ஜன்னல்ல இருந்த யாமினி மருந்த விட்டுட்டேன்."

நான் பிசைவதை நிறுத்தினேன்.

"அன்னைக்கு சாயங்காலமே இழுப்பு வந்துடுச்சு. உதடு நீலமாப் போச்சு. அங்க தங்கியிருந்த ஒருத்தர்கிட்ட அதே மருந்து இருந்துச்சு. பொழச்சா. அவர் மட்டும் அங்க இல்லன்னா..."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அடுத்த தடவ சைரன் ஊதறப்போ உங்க கை நடுங்கும். ஊர்த் தண்ணிய நம்பி உங்க கையில குடுத்திருக்கறாங்க."

"நைனா, இப்போ எனக்கு நல்லாத்தான் இருக்குது. துன்னுங்க" என்றாள் யாமினி.

எனக்கு அவமானமாக இருந்தது. நான் ரெண்டு நாள் தூங்காமல் மதகைக் காத்த கதையை நாலு வருஷமாகக் கன்னையா கடையில் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டிருக்கிறேன். அதே நேரத்தில் என் மகள் அரை கிலோமீட்டர் தூரத்தில் மூச்சுக்குத் தவித்திருக்கிறாள். அவமானத்தைவிட பயம்தான் அதிகம். கன்னிகா சொன்னது சரிதான். இப்போது தெரிந்துவிட்டது, இனிமேல் கை நடுங்கும்.

சாயங்காலம் அவளிடம் போய், "இத்தனூண்டு இடமாவது எனக்குக் குடு" என்றேன்.

"ஆறு கிலோவுக்கு மேல போனா யாமினியால தூக்க முடியாது. நானும் ரெண்டு தடவ தூக்கினு நடந்து பாத்துட்டேன். ஸ்கூலுக்கு இருபத்திரெண்டு நிமிஷம் ஆவுது. நூறு கிராம் இருக்குது, வெச்சிக்கோங்க."

வீடு முழுக்கத் தேடினேன். நூறு கிராமுக்குள் என்னுடையது என்ன இருக்கிறது? சவரக் கத்தி. மூக்குக் கண்ணாடி. வேலையில் சேர்ந்த அன்று எடுத்த போட்டோ. போட்டோவை வைத்துக்கொண்டு அவர்கள் அங்கே என்ன செய்வார்கள், மாலையா போடுவார்கள்? அவர்களுக்கு என்னால் அங்கே ஆகப்போவது ஒன்றுமில்லை. சரி, எனக்கு அவர்களிடமிருந்து என்ன வேண்டும் என்று திருப்பி யோசித்தேன். போய்ச் சேர்ந்தார்களா என்று தெரிய வேண்டும். அது ஒன்றுதான். போனை நம்ப முடியாது, போன தடவை முதல் நாளே டவர் படுத்துவிட்டது. ஆனால் மதகுப் பாலத்தில் நின்றால் மேட்டுப் பள்ளிக்கூடத்து மொட்டை மாடி நன்றாகத் தெரியும்.

நகரியில் வாங்கிய ஆரஞ்சு நிற லுங்கி ஒன்று என்னிடம் உண்டு. பார்த்தால் கண் கூசும். அதைக் கொண்டுவந்து நீட்டினேன்.

"இந்தக் கண்றாவியக் கட்டிக்கினு தெருவுல நடக்காதீங்கன்னு சொன்னேன். இப்போ பையில வேறயா?" என்றாள் கன்னிகா.

"ஸ்கூல் மாடியில இருந்து எனக்குக் காட்டு. ஒருத்தர்தான் போய்ச் சேந்தீங்கன்னா சும்மா ஆட்டுங்க. ரெண்டு பேரும் சேந்துட்டா ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சு நல்லா விரிச்சுக் காட்டுங்க. எனக்கு அது போதும்."

அவள் லுங்கியை எடுத்துக்கொண்டு கன்னையா கடைக்குப் போனாள். முந்நூறு கிராம் இருந்ததாம். வந்ததும் பையிலிருந்த வெல்லத்தை எடுத்து வெளியே வைத்தாள்.

மூன்று வாரம் கழித்துப் புயல் வந்தது. இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு அணை இன்ஜினியர் ஏ.ஈ. சார் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார். "சைரன் வேயி, செங்கல்வராயன். அரகண்டலோ கேட் எத்தாலி." அரை மணியில் கதவைத் தூக்க வேண்டும். சைரன் ஊதினேன்.

இப்போது ஆணியிலிருந்து பையை எடுத்திருப்பாள். இப்போது மாட்டை அவிழ்த்து விட்டிருப்பாள். இப்போது தெருமுனை. அவள் நடந்து பார்த்தது காய்ந்த தரையில்; இது சேறு. இருபத்திரெண்டு எத்தனை ஆகும்? எனக்குத் தெரியவில்லை. மழையில் பள்ளிக்கூடம் மங்கலாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

நாலு இருபத்தேழுக்கு மாடியில் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. மேலும் கீழும் ஆடியது. ஒருத்தர்தான்.

யார்? இரண்டு பேரில் யார்? அந்தத் தூரத்தில் உருவம் தெரியவில்லை. பள்ளத்தில் இன்னும் நிற்பது யார், வழியில் இழுப்பு வந்துவிட்டதா, ஒன்றும் தெரியவில்லை. ஏ.ஈ. சார் மறுபடி கூப்பிட்டு ரெடியா என்று கேட்டார். ரெடி சார் என்றேன். பட்டன் மேல் விரலை வைத்தேன். விரல் நடுங்கியது. அரை மணி ஆகிவிட்டால் நான் அழுத்தித்தான் ஆக வேண்டும். தாமதித்தால் அணைக்கே ஆபத்து, அணை போனால் ஊரே இருக்காது. நாலு இருபத்தெட்டு. லுங்கி ஆடிக்கொண்டே இருந்தது. நாலு இருபத்தொன்பது.

பிறகு ஆடுவது நின்றது. லுங்கி அகலமாக விரிந்தது. காற்றில் நடுவில் உப்பியது, ஆனால் இரண்டு பக்கமும் விறைப்பாக நின்றது. இரண்டு முனையிலும் ஆள் இருந்தார்கள். நான் வாய்விட்டு அழுதுகொண்டே பட்டனை அழுத்தினேன். கதவு ஏறியது. தண்ணீர் எங்கள் தெருவைப் பார்த்துப் போனது.

கதவு திறந்த மூன்றாம் நாள்தான் என்னால் பள்ளிக்கூடத்துக்குப் போக முடிந்தது. யாமினி முதலில் மாடிக்கு ஓடிவிட்டாளாம். கன்னிகா கீழேயே நின்று, இன்ஹேலர் டப்பா நனைந்ததா என்று திறந்து பார்த்துவிட்டுத்தான் ஏறினாளாம்.

"அந்த ரெண்டு நிமிஷம் உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள் கன்னிகா.

ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.