புகைக்கு வழி

கிழக்கு வெளுக்கும்போதே இஃப்திகார் அந்த வெள்ளைக் காரின் முன்மூடியைத் தூக்கி நிறுத்தி, இடுப்புவரை உள்ளே கவிழ்ந்திருந்தான். முதுகு கெஞ்சியது. மங்கலம்பேட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவனுக்கு வயிற்றில் ஒரு டீயைத் தவிர ஒன்றுமில்லை. பீங்கான் கம்பெனிகளுக்கு மண் ஏற்றிப் போகும் லாரிகள் ரோட்டில் கிளப்பிய வெள்ளைத் தூசி பட்டறைக்குள் வந்து ஸ்பானர், சட்டை, இமை மயிர் எல்லாவற்றின் மேலும் மாவு தூவியதுபோல் உட்கார்ந்தது. துடைத்துத் துடைத்து அவனுக்கு அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் துடைப்பதில்லை.

குவைத்தில் எட்டு வருஷம் கார்களுக்கு வயர் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் அவன். விருத்தாசலத்தில், கடலூர் ரோட்டில் வரிசையாக இருக்கும் பட்டறைகளில் ஒன்றான பாலகிருஷ்ணனின் பட்டறையில் எலெக்ட்ரீசியனாகச் சேர்ந்திருந்தான்.

காரின் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது என்பதுதான் புகார். வேறு இடங்களில் சென்சாரை மாற்றி விளக்கை அணைத்துக் கொடுத்திருக்கிறார்கள். நாலு நாள் தாங்கவில்லை. என்ஜினிலிருந்து வெளியேறும் புகையில் எவ்வளவு பிராணவாயு மிச்சமிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது புகைக்குழாயில் இருக்கும் அந்த சென்சாரின் வேலை. அது சொல்வதை வைத்துத்தான் எவ்வளவு பெட்ரோல் விடலாம் என்று காரின் கம்ப்யூட்டர் கணக்குப் போடும். சென்சார் வேலை செய்யாவிட்டால் அது பாட்டுக்குப் பெட்ரோலை அள்ளிவிடும். அரைகுறையாக எரிந்த பெட்ரோல் விஷப்புகையாக வெளியே வரும்.

சென்சாரைச் சூடாக்கும் வயரின் பியூஸ் எரிந்துபோயிருந்தது. புதிது போட்டான். என்ஜின் சூடேறியதும் அதுவும் எரிந்தது. சென்சாரில் கோளாறில்லை, வழியில் எங்கேயோ வயர் இரும்பில் படுகிறது. எங்கே என்பதுதான் தெரியவில்லை.

"கீழ எறங்கி நான் வயர அசைச்சுப் பாக்கறேன். நீ மேல மீட்டரப் பாரு பாய்" என்றார் சாமிதுரை. ஐம்பது வயது மெக்கானிக். காருக்கடியில் நின்று வேலை பார்க்கத் தரையில் வெட்டியிருந்த குழிக்குள் இறங்கும்போது முழங்கால்கள் இரண்டும் சத்தம் போட்டன. "இதுங்களுக்கு மொதல்ல ஆயில் வுடணும்" என்று தானே சிரித்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் முதலாளி பாலகிருஷ்ணன் வந்தார்.

"என்னா பாய், இன்னும் முடியலயா? வண்டிக்காரரு வெளியூரு போவணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாரு."

"வண்டிய ஓட வுட்டுத்தான் பாக்கணும் மொதலாளி. பொகை வேற கண்ணக் கரிக்குது. வெளிய தள்ளி வச்சுப் பாத்துக்கறோங்க."

"வெளிய எடம் ஏது? வந்த வண்டிங்க நிக்கவே எடம் பத்தல. இங்கியே பாரு. ஏ ஃபஹத்து, ஷட்டர எறக்கு. பெயிண்டு காயற வண்டி மேல தூசி வுழுவுது பாரு."

ஃபஹத் பெயிண்டர். முகத்தில் கட்டிய துணியை இறக்கிவிட்டு அவன் இஃப்திகாரைப் பார்த்தான்.

"எறக்குனா பொகை போவ வழியே இல்லீங்க" என்றான் இஃப்திகார்.

"அடியில கொஞ்சம் சந்து வுட்டு எறக்குங்க. தல வலிச்சா மாத்தர போட்டுக்குங்க. இத்தினி நாளா வேல நடக்கலயா?"

நடந்துகொண்டுதான் இருந்தது. முன்பெல்லாம் பட்டறையின் பின்பக்க ஷட்டரைத் திறந்தால் காற்று ஊடாடும். சுவரில் புகையை வெளியே தள்ளும் பெரிய காற்றாடியும் ஓடும். பின்பாதியைப் பீங்கான் வியாபாரி ஒருவருக்குக் குடோனாக வாடகைக்கு விட்டபின் அந்த ஷட்டர் திறக்கவேயில்லை. வைக்கோல் திணித்த பெட்டிகள் காற்றாடியை மறைத்து நின்றன. சாயங்காலமானால் எல்லோருக்கும் தலை கனக்கும். வீட்டுக்குப் போனால் பிள்ளைகள் பேசுவதுகூட எரிச்சலாக இருக்கும். வேலை என்றால் அப்படித்தான் என்று இருந்துவிட்டார்கள்.

ஃபஹத் வெளியே போய் ஷட்டரை இறக்கினான். என்ஜின் ஓடியது.

"இங்க இல்ல... இங்கியும் இல்ல..." குழிக்குள்ளிருந்து சாமிதுரையின் குரல் வந்துகொண்டிருந்தது. "செத்த ரேஸ் குடு பாய்." இஃப்திகார் ஆக்சிலேட்டரை அழுத்தினான். கண்ணில் நீர் வழிந்தது. நெற்றிப்பொட்டில் யாரோ கட்டைவிரலை வைத்து அமுக்குவதுபோல் இருந்தது. மீட்டரின் எண்கள் இரண்டு இரண்டாகத் தெரிந்தன. தூக்கம் போதாததால்தான் என்று நினைத்தான். குழிக்குள்ளிருந்து குரல் வராமல்போனதை அவன் கவனிக்கவில்லை.

கவனித்தவள் வளர்மதி. வெளியே வண்டிகளுக்குத் தண்ணீர் அடித்துக் கழுவுகிறவள். சோப்புத் தூள் எடுக்கக் குனிந்து உள்ளே நுழைந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். குழியை எட்டிப் பார்த்தாள்.

"பாய்! சாமிதொர அண்ணன் ஏன் சாஞ்சு கெடக்கறாரு?"

அவளே பாய்ந்து சாவியைத் திருகி என்ஜினை நிறுத்தினாள். ஃபஹத் ஷட்டரை ஒரே தூக்காகத் தூக்கினான். மூன்று பேருமாக அவரைக் குழியிலிருந்து இழுத்தபோது உடம்பு தொளதொளவென்று கையில் நிற்காமல் சரிந்தது. உதடு மட்டும் வழக்கத்தைவிடச் சிவந்திருந்தது.

ஆட்டோவில் போட்டுக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். ஆட்டோவின் காற்று முகத்தில் அடித்த பிறகுதான் இஃப்திகாருக்குத் தனக்கும் தலை சுற்றுவது தெரிந்தது. ஓரமாகத் தலையை நீட்டி வாந்தியெடுத்தான்.

அவன் வாய் கொப்பளித்துவிட்டு வார்டுக்குள் போனபோது, பைக்கில் வந்த பாலகிருஷ்ணன் டாக்டரம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"காலைல எதுவும் சாப்புடல மேடம். வெறும் வயித்துல வேல செஞ்சிருக்கறாரு. மயங்கிட்டாரு."

நர்ஸ் குளுக்கோஸ் பாட்டிலை மாட்டிக்கொண்டிருந்தாள். சாமிதுரையின் விரலில் மாட்டிய சின்னக் கருவியைப் பார்த்து, "ஆக்ஸிஜன் நல்லாத்தானே காட்டுது" என்றார் டாக்டர். ஆனால் அவர் முகத்தில் சந்தேகம் இருந்தது.

பாலகிருஷ்ணன் இஃப்திகாரின் தோளில் கைபோட்டுச் சுவரோரம் கூட்டிப்போனார். குரல் தாழ்ந்து, இனிப்பாக இருந்தது.

"பசி மயக்கம்னு சொல்லியிருக்கேன் பாய். நீயும் அதயே சொல்லு. பொகைன்னு வாயத் தொறந்தா போலீசு வரும், பட்டறைய மூடுவான். ஒன் குடும்பம், என் குடும்பம், எல்லாருக்கும் அதுதான சோறு?"

இஃப்திகாருக்கு நிற்கவே முடியவில்லை. எங்கேயாவது படுத்துவிட்டால் போதும் என்று இருந்தது. மனைவி பாஹிமாவின் முகம் நினைவுக்கு வந்தது. மகள் மஹிராவை இந்த வருஷம்தான் காலேஜில் சேர்த்திருந்தார்கள். முதலாளி சொல்வதில் பொய்யில்லை. அந்தப் பட்டறைதான் சோறு. தலையை மட்டும் ஆட்டிவிட்டால் போதும், எதுவும் பேசக்கூட வேண்டாம்.

கட்டிலில் சாமிதுரையின் மார்பு விட்டுவிட்டு ஏறியிறங்கியது.

இஃப்திகார் தோளிலிருந்த கையை எடுத்துவிட்டு நடந்தான்.

"டாக்டரம்மா, பசி மயக்கமில்லீங்க. ஷட்டர மூடிட்டு உள்ள காரு ஓடிச்சு. அந்தப் பொகையிலதான் இவுரு குழிக்குள்ள கெடந்தாரு. நானும் பக்கத்துலதான் நின்னேன்."

டாக்டர் சட்டென்று நிமிர்ந்தார். "இதை ஏன் முதல்லயே சொல்லல? இந்த மெஷினுக்கு அந்த விஷத்தைப் பிரிச்சுக் காட்டத் தெரியாது. சிஸ்டர், ஆக்ஸிஜன் போடுங்க, ஃபுல்லா. இவரையும் உக்கார வச்சு ஒரு மாஸ்க் போடுங்க."

சாமிதுரையின் மனைவி கமலம் ஓடிவந்தாள். பீங்கான் பொம்மைக் கம்பெனியில் மண் பிசைகிறவள். முழங்கைவரை களிமண் காய்ந்து வெடித்திருந்தது. முகமூடிக்குள் புருஷனின் மூச்சு பனிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நேரம் போயிற்று. அவர் கண் திறந்து அவளை அடையாளம் கண்டு, "வண்டி ஆச்சா?" என்று கேட்டார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இஃப்திகாரைப் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு அவனும் ஃபஹத்தும் வளர்மதியும் பட்டறைக்குத் திரும்பினார்கள். வெயில் ஏறியிருந்தது. பாலகிருஷ்ணன் மேசையருகே நின்றிருந்தார். முகம் கறுத்திருந்தது.

"காட்டிக் குடுத்துட்டு வந்துட்டல்ல? சரி, நடந்தது நடந்துபோச்சு. அந்த வண்டிய முடி. ஒண்ணும் தேட வேணாம். ஒரு டூப்பு சர்க்யூட்ட மாட்டி வெளக்கு எரியாம பண்ணி அனுப்பு."

"வெளக்கு அணையும். வெஷம் வந்துகிட்டே இருக்குமே மொதலாளி? அந்த வண்டியில பொண்டாட்டி புள்ளைங்க போவாங்க இல்ல?"

"அது ஒன் கவலையா?"

"ஆமாங்க."

இஃப்திகார் காரின் கதவைத் திறந்து கியரை நியூட்ரலில் தள்ளினான். "ஃபஹத்து, ஷட்டர முழுசாத் தூக்கு."

"பெயிண்டு!" என்று கத்தினார் பாலகிருஷ்ணன்.

"அது நான் அடிச்ச பெயிண்டுங்க" என்றான் ஃபஹத். "தூசி வுழுந்தா தேச்சுட்டு மறுபடி அடிச்சுக்கறேன். சாமிதொர அண்ணன மறுபடி எங்க போயி செஞ்சுக்கறது?"

ஷட்டர் கிறீச்சிட்டு மேலேறியது. வளர்மதி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு காரின் பின்பக்கம் கைகொடுத்தாள். வெள்ளைக் கார் மெதுவாக உருண்டு வெயிலுக்கு வந்தது.

"பின்னாடி ஷட்டரு தொறக்கணும். காத்தாடி ஓடணும். பொகைக்கொழாயில மாட்டி வெளிய வுடற ஓசு பைப்பு வாங்கணும்" என்றாள் வளர்மதி. அவள் முதலாளியிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதேயில்லை; குரல் உடைந்து உடைந்து வந்தது. "அதுவரைக்கும் உள்ள ஒரு வண்டியும் ஸ்டார்ட் ஆவாது. வேல செய்ய மாட்டோம்னு சொல்லல. வெளியில செய்யறோம்."

"வண்டி கழுவறவ எனக்கு சட்டம் சொல்றியா? உளுந்தூர்பேட்டையில ஆளுக்கா பஞ்சம்?"

"கூட்டியாங்க. அவங்களுக்கும் மூக்கு இருக்கும்ல?"

ரோட்டோரத்தில் ஜாக்கி போட்டுத் தூக்கி, இஃப்திகார் அட்டையை விரித்துக் காருக்கடியில் படுத்தான். தார் ரோட்டின் சூடு முதுகைப் பொசுக்கியது. ஃபஹத் மேலே மீட்டரைப் பிடித்திருந்தான். இஃப்திகார் வயரை விரல் விரலாகத் தடவிக்கொண்டு போனான். கியர்பாக்ஸைத் தாண்டிய இடத்தில் வயரைப் பிடித்திருக்க வேண்டிய கிளிப் உடைந்திருந்தது. வயர் தொங்கி, புகைக்குழாய்க்கு மேலிருந்த தகரத்தின் விளிம்பில் உரசி, தோல் உருகிச் செம்பு பளபளத்தது. அசைத்தான். "பியூஸ் போச்சு பாய்!" என்று மேலிருந்து ஃபஹத் கத்தினான். அந்தக் கணத்துக்காகத்தான் காலையில் ஒரு மனிதர் குழிக்குள் கிடந்தார். இஃப்திகாருக்குச் சந்தோஷம் வரவில்லை.

கெட்ட துண்டை வெட்டியெறிந்தான். புது வயரை இணைத்து ஈயத்தால் பற்றவைத்து, மேலே சூட்டுக்கு இறுகும் உறை போட்டு, தகரத்திலிருந்து விலக்கிப் புதுக் கிளிப்பில் கட்டினான். என்ஜின் வெகுநேரம் ஓடியது. பியூஸ் எரியாமல் தாங்கியது. மஞ்சள் விளக்கு எரியவில்லை.

அதற்குள் அக்கம்பக்கத்துப் பட்டறை ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றிருந்தார்கள். ஒருவன் சொன்னான்: "எங்க ஷெட்டுலயும் இதே கததான் பாய். போன மாசம் எனக்கே கண்ண இருட்டிகிட்டு வந்துச்சு. வெயிலுன்னு நெனச்சிகிட்டேன்."

பாலகிருஷ்ணன் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு, "நாளைக்கு இந்தப் பக்கம் யாரும் வர வேணாம்" என்றார்.

மறுநாள் விடிந்தபோது மூவரும் வந்தார்கள். ஷட்டரில் புதுப் பூட்டு தொங்கியது. இஃப்திகார் இரவெல்லாம் தூங்கியிருக்கவில்லை. "நாலு பேருக்கு நடந்தத சொல்லிட்டு வந்து படுங்க, அப்பத்தான் தூக்கம் வரும்" என்று பாஹிமாதான் அவனைக் கிளப்பிவிட்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து கமலம் நேராக அங்கே வந்தாள். சாமிதுரை கஞ்சி குடித்தாராம். நடந்தால் இன்னும் தள்ளாடுகிறதாம்.

"கடலூருல தொழிலாளர் ஆபீசு இருக்குதாமே?" என்றாள் அவள். "அங்க போயி சொல்லணும். எனக்குப் பேச வராது. நீங்க வரீங்களா?"

"வராம?" என்றாள் வளர்மதி.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். பட்டறைகளின் வரிசையைக் கடக்கும்போது, நேற்று கண் இருட்டியதைச் சொன்னவன் கையைத் துடைத்துக்கொண்டு சேர்ந்துகொண்டான். அடுத்த ஷெட்டிலிருந்து இரண்டு பேர். டிங்கர் பட்டறையில் ஒருவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டே ஓடிவந்தார். அந்த ஆபீஸில் யார் இருப்பார்கள், கேட்பார்களா, துரத்துவார்களா என்று யாருக்கும் தெரியாது. பாலகிருஷ்ணனின் பூட்டு இன்றைக்குத் திறக்காது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடினால் நின்றபடியே தூங்கிவிடலாம் என்ற களைப்பில் இஃப்திகார் நின்றான். கமலத்துக்கு யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள்.

கண்டக்டர் நெருக்கித் தள்ளிக்கொண்டு வந்தார். "எங்க பாய், எத்தினி பேரு?"

இஃப்திகார் திரும்பிப் பார்த்தான். படிக்கட்டுவரை கிரீஸ் கறை படிந்த கைகள் கம்பியைப் பற்றியிருந்தன. கீழே இன்னும் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"கடலூரு" என்றான். "ஆளுங்க ஏறி முடியட்டும், சொல்றேன்."