ஆம்ப்ரோஸ் ரிஜெக்ட் செய்த பேனாக்கத்தி

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. பின்னால் யாரோ சொல்லி உங்களுக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

காக்ஸ் டவுனில் ஒரு பேக்கரியின் மாடியில், மாதம் இரண்டு ஞாயிறு மதியம், எழுதுகிறவர்கள் நாலைந்து பேர் கூடுவோம். போன மாதம் ஒருநாள் மழை. நானும் வித்யாலட்சுமியும் மட்டுமே வந்தோம். அவள் திருப்பத்தூர்ப் பெண், இங்கே ஐடி வேலை, எழுத ஆரம்பித்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. நான் எழுத வந்து இருபத்தாறு வருஷம். கடைசி மூன்று வருஷத்தில் ஒரு கதையும் வரவில்லை.

"சார், எங்க ஹவுஸ் ஓனர் ஒரு விஷயம் சொன்னாரு. கதையா வருமான்னு பாருங்க" என்று ஆரம்பித்தாள். இரண்டாவது நிமிஷமே அது வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாயில் இருந்த பப்ஸ் கீழே இறங்கவில்லை. பல்லிருக்கிறவன் பகோடா தின்கிறான் என்று மனசைத் தேற்றிப் பார்த்தேன், தேறவில்லை. இதைப் பொறாமை என்று நாகரிகமாகச் சொல்லலாம். வயிற்றெரிச்சல் என்பதே சரியான சொல்.

அன்று அவளிடம் நான் என்ன சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது சொன்னால் என்னோடு சேர்ந்து ஆம்ப்ரோஸையும் நீங்கள் வெறுத்துவிடுவீர்கள்.

2

முதல் வரிக்கு மட்டும் நான்கு நாள் ஆனது.

(அ) கமர்ஷியல் தெருவுக்குப் பின்னால் இருந்த அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையா—

வேண்டாம். உள்ளே பிணம் கிடக்கப்போகிறது என்று வாசகர் காத்திருப்பார். உள்ளே இருப்பது பேனாக்கத்திகள்தான்.

(ஆ) ஆம்ப்ரோஸின் பத்தாவது பிறந்தநாளுக்கு அப்பா வாங்கித் தந்த முதல்—

வேண்டவே வேண்டாம். அப்பாவைக் கூப்பிட்டால் கூடவே கண்ணீரும் வரும். தவிர, வித்யாலட்சுமி அப்பாவைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நான் அள்ளி ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

(இ) பதினோரு வருஷம் காத்திருந்து ஆம்ப்ரோஸ் அந்தக் கடைக்குப் போன சனிக்கிழமை, பிரிஸில்லா இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தாள்.

இது இருக்கட்டும்.

3

பதினோரு வருஷம் காத்திருந்து ஆம்ப்ரோஸ் அந்தக் கடைக்குப் போன சனிக்கிழமை, பிரிஸில்லா இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தாள். புருஷன் கண்ணாடி முன்னால் இருபது நிமிஷமாக நிற்கிறான்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போகூட இவ்ளோ நேரம் ஷேவ் பண்ணியிருக்க மாட்டீங்க."

"அப்போ அப்பாயின்ட்மென்ட் சுலபமா கெடச்சுது" என்றார் ஆம்ப்ரோஸ்.

அவருக்கு ஐம்பத்து நாலு வயது. ஜீவனஹள்ளியில் சொந்த வீடு. பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டர். தயாராகி வரும் இயந்திர பாகங்களை அளந்து, சரியானதை விடுவதும் சரியில்லாததற்குச் சிவப்பு டேக் கட்டுவதும் அவர் வேலை. தலைமயிரில் பாதிப் பருமன் பிசகினாலும் டேக் விழும். விழுந்த டேக்கை இருபத்தெட்டு வருஷத்தில் ஒருமுறைகூட அவர் அவிழ்த்ததில்லை. முதலாளியே ஷாப் ஃப்ளோருக்கு இறங்கி வந்து தோளில் கை போட்டுக் கேட்டபோதும் அவிழ்க்கவில்லை. கொஞ்சம் பழகினவர் எல்லாருக்கும் அவர் இதைச் சொல்லியிருப்பார்.

அந்தக் கடை முகேஷ் என்பவருடையது. உலகத்தின் பல மூலைகளிலிருந்து பேனாக்கத்திகளைத் தேடி வாங்கி விற்கிறார். சனிக்கிழமை மட்டும்தான் திறப்பார், சொல்லி வைத்தவருக்கு மட்டும், ஒரு நேரத்தில் ஒருவர். கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வரலாம். பதினோரு வருஷம் முன்னால் அந்தக் கடையின் படமொன்றில் ஆம்ப்ரோஸ் ஒரு கத்தியைப் பார்த்தார். எருமைக் கொம்புப் பிடி, இரண்டு அலகு, உள்ளங்கையில் மறைகிற அளவு. அப்போது அவருக்குச் சனிக்கிழமை வேலைநாள். சனிக்கிழமை லீவு கிடைத்த வருஷம் லாக்டவுன் வந்து கடை மூடியது. திறந்த பிறகு பெயர் கொடுத்தால் வரிசை பதினாலு மாதம். அத்தனை வருஷமும் கத்தி விற்காமல் இருந்ததைத் தனக்காகவே இருப்பதாக அவர் எடுத்துக்கொண்டார்.

கூட வர அவர் கூப்பிட்டது கில்பர்ட்டை. சிறுவயதிலிருந்து ஒரே வகுப்பு, இப்போது ஒரே சர்ச்சில் ஒரே பெஞ்ச். கில்பர்ட்டுக்குக் கத்தியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதற்காகவே கூப்பிட்டார். தெரியாத ஒருவன் பக்கத்தில் நின்று பார்த்தால்தானே தெரிந்தவனுக்கு மதிப்பு.

4

(கில்பர்ட்டைப் பற்றி ஒரு புகார்.

இவர்தான் வித்யாலட்சுமியின் ஹவுஸ் ஓனர். கணக்கு வாத்தியார். திடீரென்று மழை வந்தால் மூன்று மாடித் துணியையும் எடுத்து, மடித்து, அவரவர் கதவில் வைத்துவிட்டுப் போவாராம். இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு எப்படிக் கதை எழுதுவது? ஒரு வரைவில் அவரைக் குள்ளநரியாக்கிப் பார்த்தேன். நண்பனின் கத்தியைத் தட்டிப் பறிக்கத் திட்டம் போட்டுத்தான் கில்பர்ட் அன்றைக்கு— அதற்கு மேல் பேனா நகரவில்லை. நல்லவர்மேல் பொறாமைப்படுவதுபோல் அவஸ்தை வேறில்லை. திட்டக்கூட வழியிருக்காது. ஆம்ப்ரோஸுக்கும் அதே சிரமம், ஆகவே கில்பர்ட் நல்லவராகவே இருந்து தொலையட்டும்.)

5

முகேஷின் மாடிக் கடையில், மேஜைமேல் பச்சைக் கம்பளித் துணி. முகேஷ் ஒரு கத்தியையும் கைக்குக் கை கொடுக்கவில்லை. துணிமேல் வைப்பார், பார்க்கிறவர் எடுத்துக்கொள்ள வேண்டும்.*

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து ஒரு பழக்கம் சார்" என்றார் முகேஷ். "கத்தி பிடிச்சிருந்தா, வர்றவங்க அதால ஒரு பென்சில் சீவிக் காட்டணும். மத்த பேச்செல்லாம் அப்புறம். அவசரமில்ல, ஆராமா பாருங்க."

கடைசியில் அது வந்தது. கொம்புப் பிடி, இரட்டை அலகு. படத்தில் தெரியாத ஒன்று நேரில் தெரிந்தது, பிடியில் ஓடிய தேன் நிற ரேகை. ஆம்ப்ரோஸ் கையை பேன்ட்டில் துடைத்துக்கொண்டு எடுத்தார். அலகைத் திறந்தார், மூடினார். அந்த 'டக்' சத்தத்துக்காகவே இன்னொரு முறை திறந்து மூடினார்.

பென்சில் பக்கத்திலேயே இருந்தது. அதை எடுத்துச் சீவியிருக்கலாம். ஆனால் அவர் கை சட்டைப்பைக்குப் போய் ஃபீலர் கேஜை எடுத்தது. இடுக்கை அளக்கிற மெல்லிய தகடுகளின் சின்னக் கட்டு அது. இருபத்தெட்டு வருஷமாக எந்தப் புதுப்பொருள் கைக்கு வந்தாலும் முதலில் அளந்து பழகிய கை. அலகுக்கும் பிடிக்கும் நடுவில் ஒரு பக்கம் தகட்டை விட்டார், நுழையவில்லை. மறுபக்கம் விட்டார், நுழைந்தது.

"ரிஜெக்ட்" என்றது அவர் வாய்.

சொன்னது தான்தான் என்று புரிய அவருக்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

"பாயின்ட் ஜீரோ டூ எம்எம் கேப் இருக்கு. ஒரு சைடு" என்று சேர்த்துக்கொண்டார்.

"கையால செஞ்சது சார். இருக்கும்" என்றார் முகேஷ். குரலில் கோபமில்லை. "இத்தனை வருஷத்துல யாரும் அளந்து பாக்கல."

சிரித்து மழுப்பியிருக்கலாம். 'பழக்கதோஷம், மன்னிச்சுக்கோங்க' என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அவிழ்க்காத டேக்குகள் அத்தனையும் பின்னால் வந்து நின்று அவரைப் பார்த்தன. கத்தியைத் துணிமேல் வைத்துவிட்டார்.

முகேஷ் கில்பர்ட் பக்கம் திரும்பினார். "நீங்க பாக்கறீங்களா சார்?"

"எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க" என்றபடியே கில்பர்ட் கத்தியையும் பென்சிலையும் எடுத்தார். முப்பது வருஷமாகப் பிள்ளைகளின் பென்சிலைச் சீவிக்கொடுத்த மனிதர். சீவல் அறுபடாமல் சுருள் சுருளாக வந்து பச்சைத் துணியில் விழுந்தது.

முகேஷ் அன்று முதல் தடவையாகச் சிரித்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ சொன்னார். மூன்று கப் வந்தது, ஆனால் முகேஷ் கில்பர்ட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எந்த ஸ்கூல், என்ன சப்ஜெக்ட் என்றெல்லாம் விசாரித்தார். பதினாலு மாதம் வரிசையில் நின்ற பெயர் ஆம்ப்ரோஸ். முகேஷ் கேட்டு மனதில் வைத்துக்கொண்ட பெயர் கில்பர்ட்.

ஆம்ப்ரோஸுக்கு அடிவயிற்றில் தீப்பிடித்தது. தங்கைக்கு நல்ல மாப்பிள்ளை வந்தபோதும், தம்பி இந்திரா நகரில் வீடு வாங்கியபோதும் வராத தீ இது. அந்தச் சீவலைப் பார்க்கப் பிடிக்கவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. முதல் சீவல் கில்பர்ட்டுடையது. இனி அந்தக் கத்தியை யார் வாங்கினாலும் அது மாறாது.

"டேய், இதை நான் வாங்கிக்கட்டுமா?" என்று கில்பர்ட் கேட்டார்.

"எனக்கென்ன. ரிஜெக்ட் பீஸ்தானே."

* கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் சண்டை வரும் என்பார்கள். உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். இந்த அடிக்குறிப்பை மறக்க வேண்டாம், மறுபடி தேவைப்படும்.

6

கீழே, வெயிலில், ஆம்ப்ரோஸின் ஸ்கூட்டர். அவர் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது கில்பர்ட் பையிலிருந்து கத்தியை எடுத்து, கையில் நீட்டாமல், சீட்டின்மேல் வைத்தார்.

"எடுத்துக்கோ மேன். உனக்குத்தான் வாங்கினேன்."

"நான்தான் வேணாம்னேனே."

"வாய்தான் சொல்லிச்சு. மூஞ்சி சொல்லல."

ஆம்ப்ரோஸ் கத்தியைப் பார்த்தார். எடுத்தால் பதினோரு வருஷத்து ஆசை கையில். கூடவே, கட்டிய டேக்கை அவிழ்த்தவர் ஆகிவிடுவார், அதுவும் கில்பர்ட்டின் கண் முன்னால். எடுக்காவிட்டால், அடுத்த ஞாயிறு சர்ச்சில் அதே பெஞ்சில் அவன் பக்கத்தில் எப்படி உட்காருவது?

இங்கிருந்து மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: எடுக்கிறார். இருவரும் கட்டிப்பிடிக்கிறார்கள். (கிறிஸ்துமஸ் கார்டு. அடித்தாயிற்று.)

இரண்டாவது: எடுக்கவில்லை. கில்பர்ட் கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போய்விடுகிறார். ஆம்ப்ரோஸ் மறுவாரம் சர்ச்சில் வேறு பெஞ்சுக்கு மாறிவிடு— (இது நடக்கக் கூடியதுதான். அதனாலேயே பாதியில் நிறுத்திவிட்டேன்.)

மூன்றாவது: ஃபீலர் கேஜை எடுத்து மறுபடி அளக்கிறார். முதலில் எடுத்தது தவறான தகடு. கத்தி பாஸ். (எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. கௌரவமும் போகாது, கத்தியும் கிடைக்கும். ஆனால் ஆம்ப்ரோஸ் தகட்டை மாற்றி எடுக்கிற ஆள் இல்லை. இது அவருக்காக எழுதியதல்ல, எனக்காக எழுதியது.)

7

உண்மையில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது.

வித்யாலட்சுமிக்குத் தெரியும். "ஸ்கூட்டர் சீட் மேல வெச்சுட்டாராம் சார். அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா..." என்று அவள் கண்ணை விரித்தபோது, நான் வாட்சைப் பார்த்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அதற்கு மேல் கேட்கத் தாங்கவில்லை. அந்த முடிவு நன்றாக இருந்துவிட்டால் என்ன செய்வது?

"எப்படி சார் இருக்கு? எழுதலாமா?"

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். "ம்ஹூம், தேறாதும்மா. ரெண்டு பேர் கடைக்குப் போனாங்க, வந்தாங்க. இதுல என்ன இருக்கு?" என்றேன். இருபத்தாறு வருஷ அனுபவம் சொல்கிறது என்ற முகத்தோடு சொன்னேன்.

அவள் முகம் ஒரு நொடி சுருங்கியது. "சரி சார். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். விட்டுடறேன்" என்றாள். என் டீ கப்பையும் அவளே எடுத்துக்கொண்டு போய் வைத்தாள். வீட்டுக்கு வந்து அன்று மாலையே நான் எழுத உட்கார்ந்தேன். ஆம்ப்ரோஸாவது அளந்து பார்த்துவிட்டுச் சொன்னார். ஒரு பக்கம் இடுக்கு நிஜமாகவே இருந்தது. நான் அளக்கவே இல்லை.

முடிவைக் கேட்க வேண்டுமானால் அவளிடம்தான் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன்னால், அன்று சொன்னது பொய், வயிற்றெரிச்சலில் சொன்னது என்று சொல்ல வேண்டும். மூன்று ஞாயிறு போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் வாய் திறந்து, பப்ஸைப் போட்டு மூடிக்கொண்டேன்.

வருகிற ஞாயிறு இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு போகிறேன். கையில் கொடுக்க மாட்டேன். மேஜைமேல் வைப்பேன். அவள் எடுத்து, என் பெயரை அடித்து, அவளுக்குத் தெரிந்த முடிவை எழுதிக்கொள்ளலாம். எடுக்காமல் எழுந்து போகவும் அவளுக்கு உரிமை உண்டு. போவேனா என்று கேட்காதீர்கள். போவேன் என்றுதான் இந்த வரியை எழுதும்போது நினைக்கிறேன்.

அதுவரை அந்தக் கத்தி ஸ்கூட்டர் சீட்டில்தான் கிடக்கும். ஒரு பக்கம் கில்பர்ட் நிற்கிறார், மறுபக்கம் சாவியோடு ஆம்ப்ரோஸ். கமர்ஷியல் தெருவில் நல்ல வெயில். கொம்புப் பிடி வெயில் தாங்காது, கிடக்கக் கிடக்க விரிசல் விடும். யாராவது சீக்கிரம் எடுத்துவிடுங்கள்.