நான்காம் விதியில் ஒரு வரி

"இம்மாகுலேற் எவ்வளவு வடிவா எழுதியிருக்கிறா, பார்த்தீரோ?" என்றான் யோகராஜா, சோற்றைப் பிசைந்தபடி.

கலாவதி குழம்புச் சட்டியை மேசையில் வைத்த வைப்பில் தண்ணீர்க் கிளாஸ் ஆடியது. காலையிலிருந்து அவன் இதைச் சொல்வது நாலாவது தடவை.

"நான் அடிச்சுத் தாறதைப் பார்த்து ஒரு நாளாவது இப்பிடிச் சொன்னனீங்களோ?"

"அது டைப்பிங்தானே, கலா."

டைப்பிங்தான். நாவற்கேணி முன்னேற்றச் சங்கத்தின் லண்டன் கிளையில் தமிழ்த் தட்டச்சு தெரிந்தவள் அவள் ஒருத்திதான். யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் தட்டெழுத்தாளராக இருந்த கை. ஆறு வருடமாகக் கூட்ட அறிக்கை, கலியாண வாழ்த்து, மரண அறிவித்தல் என்று மோர்டனில் உள்ள வீட்டின் சாப்பாட்டு மேசையில் அடித்துக் கொடுக்கிறாள். அறிக்கையின் கீழே செயலாளர் என்று கையெழுத்துப் போடுகிறவன் யோகராஜா. அடித்தவளின் பெயர் எந்தத் தாளிலும் கிடையாது.

இம்மாகுலேற் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சட்ட உதவி நிலையமொன்றில் வேலை, தனியாக இருக்கிறாள், சொந்தக் காரில் வந்து இறங்குகிறாள். அவள் பேச எழும்பினால் யோகராஜா பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்பான். கலாவதி பேசினால் பேப்பரை விரிப்பான். இதைப் பார்த்துக்கொண்டு பொறாமைப்படாமல் இருக்க அவள் ஒன்றும் மரக்கட்டை இல்லை. அதிலும் இம்மாகுலேற் நாவற்கேணியின் கிழக்குக் குறிச்சிக்காரி. அந்தக் குறிச்சி ஆட்களை ஊர்க் கோயிலுக்குள் விடாததால்தான் அவளுடைய பாட்டனார் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறினார். கலாவதி வீட்டு முற்றத்தைத் தாண்டி உள்ளே வராதவர்களின் பிள்ளை லண்டனில் தன் புருசனுக்குத் தமிழ் திருத்துகிறாளே என்ற உறைப்பும் அந்தப் பொறாமையில் சேர்ந்திருந்தது. அதை மட்டும் கலாவதி தனக்குள்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

நடந்தது இதுதான். வெள்ளைக்காரர் ஆஸ்திரேலியாவில் குடியேறி இருநூறு வருடம் ஆன அந்த 1988ஆம் ஆண்டில், சங்கத்துக்கு மண்டபம் தரும் தேவாலயத்தார் ஒரு மனு கொண்டுவந்தார்கள். அங்குள்ள பூர்வகுடிகளை அந்த நாட்டு அரசியலமைப்பில் அங்கீகரிக்க வேண்டும் என்று கேட்கும் மனு. சங்கத்தில் எல்லாரும் கையெழுத்து வைத்தார்கள். தலைவர் பாலேந்திரா, மண் யாருடையது, முதலில் வந்தவர் யார் என்று அரை மணித்தியாலம் உருகி உருகிப் பேசினார். இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள்.

கைதட்டல் ஓய்ந்ததும் இம்மாகுலேற் எழும்பினாள்.

"அண்ணை, நல்லாப் பேசினியள். இனி எங்கட சங்கத்து விதிகள் எழுதின யாப்பையும் பாப்பம். நாலாம் விதியில, ஊரில காணி உறுதிப் பத்திரம் உள்ள குடும்பம்தான் அங்கத்தவர் எண்டு கிடக்கு. காட்டை வெட்டினதும் கேணியைத் தோண்டினதும் எங்கட ஆக்கள். தோண்டின கேணியில தண்ணி அள்ள விடேல்லை. உறுதி எழுதேக்குள்ள எங்களை ஆர் கூப்பிட்டது?"

ஒரு வரி சேர்க்கக் கேட்டாள். மனுவில் மை காயவில்லை. முகத்துக்கு நேரே மாட்டோம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஏகமனதாக நிறைவேறியது. திருத்திய யாப்பை அடித்துப் பொதுக்கூட்டத்தில் வைத்து ஏற்றுக்கொள்வதுதான் மிச்சம். அந்த வரியைத்தான் யோகராஜா வடிவு என்கிறான்.

சாப்பாடு முடிந்ததும் கலாவதி தட்டச்சின் முன்னால் உட்கார்ந்தாள். முதலாம் விதி, இரண்டாம் விதி, மூன்றாம் விதி. நாலாம் விதியில் அந்த வரி வந்ததும் கை நின்றது. இம்மாகுலேற்றின் சாய்ந்த, அழகான கையெழுத்து. அந்த வரியை விட்டுவிட்டு ஐந்தாம் விதிக்குப் போனாள்.

யோகராஜா கண்டுபிடிப்பான், சத்தம் போடுவான், அப்போது மனதில் உள்ளதை எல்லாம் கொட்டிவிடலாம் என்று ஒரு சண்டைக்கு ஆயத்தமாக இருந்தாள். அவன் தாளை வாங்கி வாசித்தான். நாலாம் விதியில் அவன் விரல் நின்றது. அவளை ஒருமுறை பார்த்தான். விரல் கீழே இறங்கியது.

"வடிவா அடிச்சிருக்கிறீர்," என்றான்.

ஆறு வருடமாக அவள் காத்திருந்த சொல். அன்று பின்னேரம் முழுக்க மனம் குளிர்ந்துதான் கிடந்தது.

யோகராஜா இரவே கொண்டுபோய்க் கொடுத்த தாளை வாசித்துவிட்டு, மறுநாள் காலை பாலேந்திராவே வீடு தேடி வந்தார்.

"தங்கச்சி, நீர் கெட்டிக்காரி. எங்களால சொல்ல ஏலாததை நீர் சத்தமில்லாமல் செய்துபோட்டீர். ஆரும் கேட்டால் டைப்பிங் பிழை எண்டு விடுவம். பொம்பிளையள் அடிக்கேக்குள்ள பிழை வாறதுதானே. கடைசிப் பக்கத்தில உம்மட பேரையும் போடச் சொல்லியிருக்கிறன்."

யோகராஜா சிரித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தான். கலாவதி பொறாமைப்பட்டது ஒரு பெண்ணில். இவர்களோ அந்தப் பொறாமையை எடுத்து ஒரு குறிச்சியையே வெளியில் தள்ளிக் கதவைச் சாத்துகிறார்கள். தன் எரிச்சல் தன்னுடையதாகவாவது இருந்தது என்று நினைத்தவளுக்கு, அதையும் கேளாமல் எடுத்துக்கொண்டார்கள் என்று விளங்கியபோது வெட்கமாக இருந்தது.

பின்னேரம் பொதுக்கூட்டத்தில் பிரதிகள் கைமாறின. இம்மாகுலேற் நாலாம் விதியை வாசித்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"கலா அக்கா, ஒரு வரி விடுபட்டிருக்குது."

"டைப்பிங் பிழை, பிள்ளை," என்றார் பாலேந்திரா. "அடுத்த வருசம் திருத்துவம். இண்டைக்கு இதை நிறைவேற்றுவம்."

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த கலாவதி கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"பிழை இல்லை. நான் தெரிஞ்சுதான் விட்டனான். எனக்கு இவவில எரிச்சல். ஆனா அண்ணையும் இவரும் வாசிச்சவை. வரி இல்லையெண்டு கண்டவை. கண்டிட்டு என்னை மெச்சினவை."

பிறகு அந்த வரியை மனப்பாடமாகச் சொன்னாள்: "காணி உறுதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், காடு வெட்டிக் கேணி தோண்டிய கிழக்குக் குறிச்சிக் குடும்பங்களே ஊரின் முதற் குடிகள், அவர்கள் சம உரிமையுள்ள அங்கத்தவர்கள்."

சபை முணுமுணுத்தது. கூட்டத்தில் இந்தமுறை கண்ணைத் துடைக்க ஆளில்லை. பாலேந்திரா முகம் சிவந்து, அப்படியானால் அந்த வரிக்குக் கைதூக்கச் சொல்லி எண்ணலாம் என்றார். கலாவதி கையைத் தூக்கினாள். இம்மாகுலேற்றும் தூக்கினாள்.

"தங்கச்சி, கையை இறக்கும். ஒரு குடும்பத்துக்கு ஒரு வாக்கு. உம்மடது யோகராஜாவிட்டை இருக்கு. இம்மாகுலேற்றும் வரி நிறைவேறினாத்தான் அங்கத்தவர்."

குடும்பத்துக்கு ஒரு வாக்கு என்ற அந்த விதியையும் நேற்று கலாவதியேதான் அடித்தாள். அடிக்கும்போது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. இரண்டு பேரும் கையை இறக்கவில்லை. யோகராஜா அறிக்கை எழுதுகிற சாட்டில் குனிந்த தலை நிமிரவில்லை. எந்தப் பக்கத்துக்கும் அவன் கை எழும்பவில்லை. ஆதரவு ஒன்பது, எதிர்ப்புப் பத்து.

வெளியே கார் கதவைத் திறந்தபடி இம்மாகுலேற் சொன்னாள்: "விட்டது விட்டதுதான் அக்கா. அதை நான் மறக்கமாட்டன். ஆனா சொன்னதையும் மறக்கமாட்டன்."

அவள் அதைச் சொன்ன விதமும் வடிவாகத்தான் இருந்தது. கலாவதிக்கு அதிலும் எரிச்சல் வந்தது.

திங்கட்கிழமை யோகராஜா கூட்டக் குறிப்பைத் தட்டச்சுக்குப் பக்கத்தில் வைத்தான். கலாவதி வாசித்தாள்.

"ரெண்டு கையை விட்டிட்டியள்."

"அது வாக்கில்லை, கலா."

"வாக்கு எண்டு எழுத வேண்டாம். எண்ணாமல் விட்ட கை ரெண்டு எண்டு எழுதுங்கோ, ஆருடைய கை எண்டும் எழுதுங்கோ. எழுதினால் அடிக்கிறன். இல்லாட்டி இதையும் அடிக்கமாட்டன், இனி வாற ஒண்டையும் அடிக்கமாட்டன்."

யோகராஜா குறிப்பைத் திரும்பக் கையில் எடுத்தான்.

"அவவுக்காகவோ இவ்வளவும்?"

"அவவுக்காகவோ? எனக்கு அவவைக் கண்டாலே பத்தியெரியுது," என்றாள் கலாவதி, தட்டச்சுக்கு உறையைப் போட்டுக்கொண்டு. "கை ரெண்டு. ரெண்டையும் எழுதுங்கோ."