அத்தான் தின்ற கிழங்கு

என் அக்கா புருஷன் முப்பது வருஷம் தண்ணீர் மீட்டர் பழுது பார்த்தவர். ஓய்வு பெற்ற ஆறே மாதத்தில் மூலிகை வைத்தியராகிவிட்டார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டால் செல்போனைத் தூக்கிக் காட்டுவார். கையில் கிடைத்ததை அரைத்து முட்டியில் பூசச் சொல்லி வீடியோ போடுவார். அதைப் பார்க்கவும் நானூறு பேர்.

எனக்குத் தாவரக் காப்பகத்தில் வேலை. காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி, பெயர் எழுதி, பீரோவில் அடுக்க வேண்டும். ஒரு நாள் அத்தான் அங்கேயே வந்து, என் மேசைமேல் இரண்டு கிழங்குகளை வைத்தார். கட்டைவிரல் தடிமன், பழுப்புத் தோல், நடுவில் கலப்பைபோல ஒரு மடங்கல்.

"காட்டு வள்ளிக்கிழங்கும்மா. மூட்டுவலி, குடல்புழு எல்லாத்துக்கும் கேக்கும். அதுதான்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு."

இலை நுனி நூலாகச் சுருண்டு வேலியைப் பிடித்திருந்ததா, பூ மஞ்சளாக விரிந்து சிவப்பாக மாறியதா என்று கேட்டேன். கொடி காய்ந்துவிட்டது, பூவைப் பார்க்க நான் என்ன வண்டா என்றார். பீரோவிலிருந்து செங்காந்தள் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். மடங்கல் அச்சாக ஒத்துப்போனது. அந்தக் காலத்தில் மூட்டுவலிக்கு மேலே பூசியிருக்கிறார்கள், பிரசவ வலி வர உள்ளங்காலில்கூடத் தடவியிருக்கிறார்கள், ஆனால் தின்றவர்கள் செத்திருக்கிறார்கள் என்றேன்.

"செடி ஒட்டுறவளுக்கு வைத்தியம் என்ன தெரியும்," என்று கிழங்குகளைப் பொறுக்கிக்கொண்டு போனார்.

நான் அவற்றைப் பிடுங்கி வைத்திருக்க வேண்டும். அவரைத் தடுப்பதைவிட இளக்காரமாகப் பார்ப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

மறுநாள் மதியம் நேரலையில் ஒரு துண்டைத் தின்று காட்டினார். எனக்குப் பதில் சொல்கிறாராம். சாயங்காலம் வாந்தி, பேதி. மருத்துவமனையிலும் வள்ளிக்கிழங்கு என்றே சாதித்தார். அது செங்காந்தள் என்று நான்தான் எழுதி டாக்டரிடம் கொடுத்தேன். ஒன்பது நாள் படுக்கையில் கிடந்து பிழைத்தார். வீட்டுக்கு வந்த வாரம் தலைமுடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் உதிர்ந்தது. அந்த விஷத்தின் குணம் அது.

மனுஷன் வெட்கப்படுவார் என்று நினைத்தேன். மொட்டைத் தலையோடு மறுபடி நேரலையில் உட்கார்ந்து, உடம்புக் கழிவெல்லாம் முடி வழியாகப் போகிறது என்றார். நான் வேலையிடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கிழங்கு எங்கே கிடைக்கும் என்று திரைக்குக் கீழே ஒவ்வொருவராக எழுதிக் கேட்டார்கள். அவரைவிட அவர்கள்மேல்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

அப்போது அக்கா ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒன்பது நாள் இவர் பேதியத் தொடைச்சவ நான். இது விஷம். தின்னே தீருவேன்னா, தொடைக்க ஒரு ஆளை முதல்ல பாத்து வச்சுக்குங்க."

அத்தான் ஏதோ சொல்ல வந்தார். அவள் திரும்பியே பார்க்காமல் கையை நீட்டிப் போனை அணைத்தாள்.

அன்றிலிருந்து அவர் எங்கள் இரண்டு பேரோடும் பேசுவதில்லை. வீடு நிம்மதியாக இருக்கிறது என்கிறாள் அக்கா.