ஏழு மணி ரத்தம்

அருக்காணி கட்டிலை விட்டு இறங்கலாமா கூடாதா என்று முடிவு செய்தது ஒரு கண்ணாடிக் குழாய்.

மெல்லிய குழாய். ஒரு முழத்துக்கும் குறைவான உயரம், மேலிருந்து கீழாக இருநூறு கோடுகள். அதில் ரத்தத்தை ஏற்றி நேராக நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்து, சிவப்பு எந்தக் கோடு வரை இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள். உடம்புக்குள் அழற்சி கனன்றுகொண்டிருந்தால் ரத்த அணுக்கள் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு கனத்துப்போய் வேகமாக இறங்கும். அழற்சி அடங்கினால் மெதுவாக இறங்கும். இருபதுக்குக் கீழே எண் வந்தால் அருக்காணி எழுந்து நடக்கலாம், மோதி பாக் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகலாம். வராவிட்டால் படுத்தே கிடக்க வேண்டும். அவளுக்குப் பத்து வயது.

குழாயை நிறுத்துகிறவன் எலியேசர். நாசரேத்துக்காரன். பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷத்தோடு படிப்பை விட்டுவிட்டு ரயிலேறியவன். தெற்கு டெல்லியில் ஓர் அரசு ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருஷமாக டெக்னீஷியன். அவனைப் பற்றி ஆஸ்பத்திரியில் யாரும் குறை சொன்னதில்லை. அவனும் தன்னைப் பற்றிப் பெரிதாக எதுவும் நினைத்துக்கொண்டதில்லை, ஒரு விஷயத்தைத் தவிர. தமிழ் ஆட்களுக்கு அவன் பின்கதவைத் திறந்துவிடுவான்.

அருக்காணியின் அம்மா ராஜாத்தி அந்தக் கதவு வழியாக வந்தவள்தான். சேலம் பக்கம். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் நாலு வீட்டுக்குப் பாத்திரம் தேய்த்து, தரை துடைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் காத்தவராயன் பரீதாபாத்தில் கட்டட வேலை. மாதத்துக்கு இரண்டு நாள் வருவான். எழுபத்தேழு செப்டம்பரில் பெண்ணுக்குத் தொண்டை வலி வந்து தானாகப் போயிற்று. மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கியது. அது வடிந்தால் கணுக்கால், அது வடிந்தால் மணிக்கட்டு. வலி இடம் மாறிக்கொண்டே இருந்ததால் ராஜாத்தி அதை ஒரு நோயாகவே எண்ணவில்லை. மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். வார்டில் முதல் நாள் எடுத்த எண் நூற்றுப் பத்து.

"தொண்டையில வந்ததுக்கும் நெஞ்சுக்கும் என்னங்கண்ணா சம்பந்தம்?" என்று அவள் அப்போது கேட்டாள்.

எலியேசர் தனக்குத் தெரிந்த மட்டில் சொன்னான். "தொண்டைல வந்த கிருமியை அடிக்கதுக்கு உடம்பே ஆள் அனுப்பும்மா. கிருமி செத்துப் போவும். போன ஆளு நிக்க மாட்டான். இதயத்துல கதவு மாதிரி வால்வு இருக்கு, அதுக்கும் கிருமிக்கும் சாயல் ஒண்ணு போல இருக்கப்போய், அதையும் போட்டு அடிப்பான்."

ராஜாத்தி கொஞ்சம் யோசித்தாள். "எமர்ஜென்சில ஜுக்கிக் குடிசைங்கள இடிக்க வந்தானுங்களே, அந்த மாதிரியா? அளந்துட்டுப் போனது நாலாவது வரிசை. இடிச்சது எங்க வரிசை."

"அப்படித்தான்னு வைங்க."

"அப்ப யாரும் வந்து நிறுத்த மாட்டாங்க," என்றாள்.

நிறுத்த மாத்திரை இருந்தது. நவம்பரில் வார்டிலிருந்து அனுப்பும்போது டாக்டர் சூத் அம்மாள் மூன்று விஷயம் சொன்னாள். மாத்திரை. இருபத்தொரு நாளுக்கு ஒரு பென்சிலின் ஊசி. ஒவ்வொரு வியாழக்கிழமையும் ரத்தம். ரத்தம் எடுக்கும் நேரம் ஒன்பதிலிருந்து பதினொன்று. டாக்டர் பார்ப்பது மத்தியானம் மூன்றுக்கு மேல்.

ராஜாத்தியின் வீடுகள் ஏழரைக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டரைக்கு முடிந்தன. வியாழக்கிழமைதோறும் ஒன்பது மணிக்கு வரிசையில் நின்றால் இரண்டு வாரத்தில் நாலு வீட்டிலும் வேறு ஆள் வந்துவிடுவாள். அதை அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. கணக்கைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"ஏழு மணிக்கு வந்துருங்க," என்றான் எலியேசர். "பின்னால சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் ஒரு கதவு இருக்கு. நான் அப்பதான் ஊசியெல்லாம் வேக வைப்பேன். எடுத்து வச்சிருதேன். மத்தியானம் சீட்டு வாங்கிக் கொண்டாங்க, போட்ருவோம்."

அப்படித்தான் நடந்தது. காலை ஏழுக்குப் பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவாள். அருக்காணிக்கு ஊசியில் பயமில்லை. "ஜல்தி கரோ அங்கிள், அம்மாக்கு லேட் ஆவுது," என்று கையை நீட்டுவாள். எலியேசர் ரத்தத்தை உறையாத மருந்து கலந்த சீசாவில் விட்டு, பஞ்சால் அடைத்து, ஜன்னல் விளிம்பில் வைப்பான். சீட்டு எண் இல்லாத குழாய் ஸ்டாண்டில் நிற்கக் கூடாது; பொறுப்பாளர் ராமமூர்த்தி கண்டால் கீழே கொட்டிவிடுவார். ஒன்றரை மணிக்கு ராஜாத்தி சீட்டோடு வருவாள். இரண்டு மணிக்குக் குழாயை நிறுத்துவான். மூன்று மணிக்கு எண்.

ரத்தம் எடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் குழாயை நிறுத்த வேண்டும். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது. அவன் தலைக்கு மேலேயே சுவரில் ஆங்கிலத்தில் ஒட்டியிருந்தது. நேரம் ஆக ஆக அணுக்கள் உருமாறி ஒட்டும் தன்மையை இழக்கும். குளிரில் இன்னும் மந்தமாகும். எண் பொய்யாகக் குறைந்து வரும். எலியேசருக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. பின்கதவில் வந்த மற்றவர்களுக்கெல்லாம் சில்லறைச் சோதனைகள், ரத்த சோகை பார்ப்பது, அந்த மாதிரி. அவற்றுக்குக் காத்திருந்தாலும் கெடுதல் இல்லை. அந்தப் பழக்கத்திலேயே கை இதையும் செய்தது. தெரிந்ததை நினைக்காமல் இருப்பது அத்தனை சுலபம்.

முதல் வியாழன் முப்பத்து நாலு. அடுத்தது இருபத்திரண்டு. அதற்கடுத்தது பதினாறு.

டாக்டர் சூத் சீட்டைப் பார்த்துச் சிரித்தாள். மாத்திரையைக் குறைத்தாள். டிசம்பர் நடுவில் நிறுத்தினாள். "அச்சி பச்சி, நல்ல பெண். இனி ஓடு," என்றாள். அன்று ராஜாத்தி பின்கதவுக்கு வந்து ஒரு டிபன் டப்பாவைக் கொடுத்தாள். உள்ளே எலுமிச்சை சாதம். எலியேசர் அதை ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் தின்றான்.

ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்தது. அருக்காணி போனாள். அடிகுழாயில் தண்ணீர் அடித்துச் சுமந்தாள். வியாழக்கிழமைகளில் எண் பதினாலு, பதினைந்து, பதினாலு.

ஜனவரி கடைசி வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, முன்வாசல் வழியாக, அருக்காணி ஆட்டோவில் வந்தாள். படுக்க முடியவில்லை, படுத்தால் மூச்சு அடைத்தது. கால் வீங்கி, உதடு நிறம் மாறியிருந்தது. வார்டு சிஸ்டர் அல்போன்சா ரத்தம் எடுத்து ஆள் கையில் கொடுத்தனுப்பினாள். அவசரச் சீட்டு. பதினொன்றேகாலுக்கு எலியேசர் குழாயை நிறுத்தினான்.

அரை மணியிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. சிவப்பு வழுக்கிக்கொண்டு போயிற்று. மேலே மஞ்சள் நீர் மட்டும் நின்றது. ஒரு மணி நேரத்தில் தொண்ணூற்றாறு.

பதிவேட்டைப் புரட்டினான். போன வியாழன் பதினாலு. ஐந்து நாளில் இப்படி ஏறலாம். ஏறாது என்று சொல்வதற்கில்லை. ஆனால் சீசாவில் ரத்தம் மிச்சமிருந்தது. அவன் அதைப் பஞ்சால் அடைத்து, எப்போதும் வைக்கும் அதே ஜன்னல் விளிம்பில் வைத்தான். நாலு மணிக்கு வேலை முடிந்தது, போகவில்லை. ஆறு மணிக்கு அதே ரத்தத்தை இன்னொரு குழாயில் நிறுத்தினான். ஏழு மணிக்குப் பார்த்தான். முப்பத்தொன்று.

ஒரே பெண்ணின் ஒரே ரத்தம். அவன் குழாயைக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே வந்தான்.

மறுநாள் வார்டுக்குப் போனபோது டாக்டர் சூத் ராஜாத்தியைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஊசி அட்டை அவள் கையில் இருந்தது. ஜனவரி ஊசி இரண்டு நாள் தாமதம். "இருபத்தொரு நாள் என்றால் இருபத்தொரு நாள். இரண்டு நாளில் மறுபடி தொண்டையில் பிடித்திருக்கும். உன் பெண்ணின் உடம்பை நீயே கெடுத்தாய்," என்றாள் இந்தியில்.

ராஜாத்தி சிஸ்டர் பக்கம் திரும்பினாள். "வீட்டுக்காரம்மா பொண்ணுக்குக் கல்யாணமுங்க, விடல," என்று அல்போன்சாவிடம் தமிழில் சொன்னாள். "நாந்தான் விட்டுட்டன்." அல்போன்சா, "சரி விடு, போய்ப் புள்ளைக்கு முதுகைத் தாங்கிப் புடி," என்றாள்.

எலியேசர் டாக்டரைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னான். ஏழு மணி, ஜன்னல், இரண்டு மணி, தொண்ணூற்றாறு, முப்பத்தொன்று. அவள் குறுக்கிடாமல் கேட்டாள். காதில் மாட்டும் குழலைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"எல்லா வியாழனுமா?"

"ஆமா மேடம்."

"நெஞ்சில் சத்தம் கேட்டது. டிசம்பரிலேயே கேட்டது," என்றாள் அவள். "எண் நன்றாக இருந்தது. அதனால் பழைய தழும்பின் சத்தம் என்று நினைத்தேன். உள்ளே எரிந்துகொண்டிருந்திருக்கிறது. நான் மாத்திரையை நிறுத்தினேன்."

குழலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "எழுதிக் கொடுக்காதே. உன் வேலை போகும், என் பெயரும் வரும், வால்வு திரும்பி வராது. அந்தக் கதவை மூடு," என்றாள்.

"ஊசி லேட்டானதாலதான்னு அந்தம்மா நினைக்காங்க, மேடம்."

"இரண்டு நாள் லேட்தானே." சொல்லிவிட்டு அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் இரண்டு நாள் பொறுத்தான். பொறுத்தான் என்பது நல்ல வார்த்தை, பயந்தான். மூன்றாம் நாள் வார்டுக்கு வெளியே படியில் ராஜாத்தி ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னான்.

"உங்க மேல தப்பு இல்லம்மா. எம்மேல. ரத்தத்தை அப்படி வச்சிருக்கக் கூடாது. நம்பர் எல்லாம் பொய். அவளை எந்திரிக்க விட்டிருக்கவே கூடாது."

ராஜாத்தி ரொட்டியை மென்று விழுங்கினாள்.

"உங்களுக்குத் தெரியுமுங்களா, அப்பவே?"

"தெரியும்."

"தெரிஞ்சா அந்த ஏழு மணியச் சொல்லியிருக்க வேண்டாமே. ஒம்பதுக்குத்தான் வரோணும்னு சொல்லியிருந்தா, வந்திருப்பன்."

"வீடு போயிரும்னு சொன்னீங்களே."

"ஆமா, சொன்னன்." அவள் ரொட்டி சுற்றிய காகிதத்தை மடித்தாள். "வீடு போனா இன்னொரு வீடு கெடைக்காதுங்களா? நீங்க பாவப்பட்டீங்க. நான் அதுல மயங்கிட்டன். நம்மாளு, கதவத் தொறக்கறாரு, அப்படின்னு இருந்துச்சு."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஐந்து வாரம் கழித்து அருக்காணியை அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டாள். இரண்டு வால்வு ஒழுகியது. பெரியவளானால் கல்யாணம், பிள்ளை எதையும் நினைக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னாள். பெரியவளாவாளா என்பதை யாரும் கேட்கவில்லை, டாக்டரும் சொல்லவில்லை. மறுபடி மாத்திரை, ஊசி, கட்டில், வியாழக்கிழமை.

மார்ச் இரண்டாவது வியாழன் ராஜாத்தி ஒன்பது மணி வரிசையில் நின்றாள். முன்வாசல். டோக்கன் நாற்பத்திமூன்று. முறை வந்தபோது மணி பத்தரை. அருக்காணி கையை நீட்டினாள். "ஜல்தி" என்று சொல்லவில்லை. மூச்சைச் சேர்த்து வைத்துக்கொள்ளப் பழகியிருந்தாள்.

எலியேசர் ரத்தம் எடுத்து உடனே குழாயில் நிறுத்தினான். ராஜாத்தி கவுன்ட்டரை விட்டு நகரவில்லை.

"மூணு மணிக்கு வாங்கம்மா. ரிசல்ட் இருக்கும்."

"இல்லீங்க. நான் இங்கயே நிக்கறன்."

"ஒரு மணி நேரம் ஆவும்."

"நிக்கறன்."

பின்னால் ஒருவன் நகரச் சொல்லி, "அரே, ஹடோ," என்றான். அவள் பெண்ணை இடுப்பிலிருந்து இறக்கி பெஞ்சில் சாய்த்துவிட்டு, வரிசைக்கு இடம் விட்டு, குழாய்கள் தெரியும்படி கம்பித் தடுப்பின் ஓரமாக நின்றாள். எந்தக் குழாய் என்று கேட்டாள். மூன்றாவது என்று காட்டினான். அவள் அவனைப் பார்க்கவில்லை. மூன்றாவது குழாயைப் பார்த்தாள். அவன் மற்றவர்களுக்கு ரத்தம் எடுத்தான், சீட்டு எழுதினான், கை கழுவினான். ஒவ்வொரு முறை திரும்பியபோதும் அவள் அங்கேயே நின்றாள். அன்று காலை வீடுகளில் இரண்டு போயிருந்தது அவனுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

குழாயை நிறுத்தி ஒரு மணி நேரம் ஆகி, பதினொன்று முப்பத்தெட்டுக்கு அலாரம் அடித்தது. அவன் குனிவதற்கு முன்பே அவள் சொல்லிவிட்டாள். எழுத்துத் தெரியாது, பஸ் எண் படித்துப் படித்து எண்கள் தெரியும்.

"நாப்பத்தி நாலு."

எலியேசர் கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்துப் பார்த்தான். நாற்பத்து நாலுதான். சீட்டில் எழுதிக் கொடுத்தான். அவள் அதை வாங்கி, தான் சொன்னதையே எழுதியிருக்கிறானா என்று பார்த்துவிட்டு, பெண்ணைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.