முதல் வழி ஆஸ்பத்திரிக்கு

எங்கள் தீவுக்கு வெளியுலகத் தொடர்பு என்றால் கவுன்சில் அலுவலகக் கூரையில் இருக்கும் செயற்கைக்கோள் தட்டு ஒன்றுதான். ஆஸ்பத்திரி, பள்ளி, கடை, வீடுகள் எல்லாம் அதிலிருந்துதான் இணையம் எடுத்தன. அதைப் பங்கிட்டுக் கொடுத்த ரவுட்டர் கெட்டுப்போனதும், புதிது வாங்கும் பொறுப்பு மரேவாவுக்கு வந்தது. அலுவலகத்தின் கணினிகளையும் சோலார் பேட்டரிகளையும் பார்த்துக்கொண்டவள் அவள். நான் பக்கத்துப் பள்ளி ஆசிரியன். பாடங்களை இறக்க அங்கேதான் போய் உட்கார்ந்திருப்பேன்.

"இருக்கறதுலயே மலிவா ஒண்ணு வாங்கிடு பொண்ணே" என்றார் கணக்கர் ஊரியம்.

"அதைத்தானேண்ணே போன தடவையும் வாங்கினோம்? அது ஒரு வீட்டுக்குத் தாங்கும். ஊரே ஏறி உக்காந்தா மூச்சு முட்டிப் படுத்துடுது."

"அப்ப பெரிய கம்பெனிப் பெட்டி?"

"அதுக்கு வருஷா வருஷம் உரிமக் காசு கட்டணும். உள்ள விசிறி வேற. நம்ம உப்புக் காத்தை உறிஞ்சியே செத்துடும்."

கடைசியில் அவள் தேர்ந்தெடுத்தது விசிறி இல்லாத ஒரு சின்ன உலோகப் பெட்டி. பேட்டரியிலிருந்து நேராக ஓடும். யாருக்கு முதலில், யாருக்கு எவ்வளவு என்று பிரித்துவிடவும் அதற்குத் தெரியும். ஒன்று பழுதானால் மாற்றிவைக்க இன்னொன்றும் கேட்டாள்.

"ஜோடியா வேணுமாக்கும்! கல்யாணமா பண்ணி வைக்கப் போற?" என்று ஊரியம் சிரித்தார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

எங்கள் கிரிபாட்டி நாட்டில் சொந்தக்காரன் ஒன்றைக் கேட்டால் இல்லை என்று சொல்வது பெரிய அவமானம். எங்கள் தீவில் எல்லோரும் சொந்தம். "மேட்ச் பாக்கணும், கொஞ்சம் வேகமா விடு மரேவா" என்று தினமும் யாராவது வந்து நிற்பார்கள்.

"என் வாயால இல்லைன்னு வராது சார். அதைப் பெட்டியே சொல்லட்டும்" என்றாள் என்னிடம். ஆஸ்பத்திரிக்கு முதல் வழி. மிச்சம் இருப்பது மற்றவர்களுக்கு. அப்படித்தான் அமைத்தாள். சாதாரண நாட்களில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பெருமழையில் மட்டும் செயற்கைக்கோள் இணைப்பு மெலிந்துவிடும். அப்போது மிச்சம் என்று எதுவும் இருக்காது.

அவளுடைய தம்பி பரனிகோ ஆஸ்திரேலியாவில் பழத்தோட்ட வேலைக்குப் போயிருந்தான். தாய் தகப்பன் இல்லாத அவர்களுக்கு ஒருவருக்கு ஒருவர்தான் துணை. காய்ச்சல் என்று படுத்தவனுக்கு ரத்தத்தில் கிருமி ஏறி, பிரிஸ்பேனில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஒரு பகல் அங்கிருந்து செய்தி வந்தது: மூச்சுக்குக் குழாய் போடப்போகிறோம், அதற்கு முன் பேசிவிடுங்கள்.

நான் பக்கத்தில் இருக்க, மரேவா அலுவலகக் கணினியில் அவனை அழைத்தாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, அது என்ன சத்தம்? மழையா?"

"ஆமாண்டா, ஊத்துது."

"கேக்க நல்லாருக்குக்கா. அப்புறம் உங்கிட்ட ஒண்ணு..."

அவன் முகம் திரையில் அப்படியே உறைந்தது. குரலும் நின்றது.

ஊரியம் நனைந்தபடி ஓடி வந்தார். "ஆஸ்பத்திரியில நம்ம டெரேசியாவுக்குப் பிரசவம், ரத்தம் நிக்கல. தராவா பெரியாஸ்பத்திரி டாக்டர் வீடியோவுல சொல்லச் சொல்ல நர்ஸ் பண்ணிக்கிட்டிருக்கா." பிறகுதான் மரேவாவின் திரையைப் பார்த்தார். "ஐயோ, தம்பியா? முதல் வழியை இங்க மாத்திடு மரேவா. ரெண்டு வார்த்தை பேசிட்டுத் திருப்பி வச்சிடு."

அவள் விரல்கள் விசைகளின் மேல் இருந்தன.

"அந்த ரெண்டு வார்த்தையில அவ போயிட்டா?" என்றாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மழை விடும்வரை உறைந்த அந்த முகத்தையே பார்த்திருந்தாள்.

இணைப்பு திரும்பியபோது குழாய் போட்டுவிட்டிருந்தார்கள். பரனிகோவுக்குப் பிறகு நினைவு திரும்பவில்லை. அந்த வாரமே போய்விட்டான். டெரேசியா பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை.

பரனிகோவின் உடல் விமானத்தில் வந்து அடக்கமான அன்று, நடக்கத் தெம்பில்லாத டெரேசியாவைக் கணவன் தூக்கிக்கொண்டு வந்தான். அவள் மரேவாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னாலதானேக்கா" என்று அழுதாள்.

"பைத்தியம் மாதிரிப் பேசாத. நீயாவது இருக்கியே" என்று மரேவா அவளைத் தோளோடு சேர்த்துக்கொண்டாள். அப்போதுதான் அவளும் வாய்விட்டு அழுதாள்.

சில வாரம் கழித்து நான் அலுவலகத்துக்குப் போனபோது ரவுட்டர் அமைப்பைத் திறந்து வைத்திருந்தாள். ஆஸ்பத்திரிக்கு முதல் வழி அப்படியே இருந்தது. அதன் கீழே புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தாள்: படம் இல்லாமல் குரல் மட்டும் போக, எல்லோருக்கும் பொதுவாக, எந்த மழையிலும் குறையாத ஒரு சின்னப் பங்கு.

"இதனால ஆஸ்பத்திரிக்குக் கொறையாதா?" என்று கேட்டேன்.

"தெரியக்கூடத் தெரியாது சார். வெறும் குரலுக்கு இத்தனூண்டு போதும்" என்று விரல் நுனியைக் காட்டினாள். "பெட்டி வந்த அன்னிக்கே பண்ணியிருக்கலாம். தோணவே இல்ல."

அதைச் சேமித்துவிட்டுக் கணினியை மூடினாள்.