பொய்க்கும் ஆமாம் போட்ட எண்

காப்பீட்டுப் பணம் வந்தபோது என் கணவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. லிப்ட் மெக்கானிக். முப்பது மாடி ஏறி இறங்கினாலும் மூச்சு வாங்காதவர், ஒரு காலையில் நெஞ்சு கனக்கிறது என்று உட்கார்ந்தார். நான் தண்ணீர் எடுத்து வருவதற்குள் முடிந்துவிட்டது. மகளுக்கு இன்னும் மூன்று வருடப் படிப்பு பாக்கி. மருத்துவமனைப் பதிவேட்டு அறையில் நான் வாங்கும் சம்பளம் கைக்கும் வாய்க்கும் சரியாக இருந்தது. வந்த பணம் வங்கியில் சும்மா கிடந்தது.

எங்கே நல்ல வட்டி என்று கைபேசியில் தேடி, ஏதோ ஒரு பக்கத்தில் என் பெயரையும் எண்ணையும் நிரப்பினேன். மறுநாளே ஒருவர் கூப்பிட்டார். ஊரறிந்த நிதி நிறுவனம் ஒன்றின் பெயரைச் சொன்னார். அங்கே பாண்டு பிரிவு அதிகாரியாம். பஞ்சு போன்ற குரல். மூன்று வருட பாண்டு, ஒன்பதரை சதவீதம், முதலுக்கு மோசமில்லை. கணவர் இறந்ததை நான் சொன்னதும் குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார். பிறகு, "சாப்பிட்டீங்களா மேடம்?" என்று கேட்டார். அந்த எட்டு மாதத்தில் எந்த அலுவலகமும் என்னிடம் கேட்காத கேள்வி அது.

கையேடும் விண்ணப்பமும் மின்னஞ்சலில் வந்தன. நான் ஒன்றும் ஏமாந்த சோணகிரி இல்லை. நிறுவனத்தின் பதிவு எண்ணை அரசாங்கப் பட்டியலில் தேடினேன், இருந்தது. முகவரியைத் தேடினேன், அதுவும் இருந்தது. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் 'சரிபார்ப்புப் பிரிவு' என்று போட்டிருந்த எண்ணுக்கும் பேசினேன். ஒரு பெண் என் விண்ணப்ப எண்ணைக் கேட்டுவிட்டு, "ஆமா மேடம், எல்லாம் சரியா இருக்கு" என்றாள். அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வட்டியிலேயே மகளைப் படிக்க வைத்து, மிச்சத்தில் புது அடுப்பும் வாங்கிவிட்டேன், மனசுக்குள்.

அந்தச் சந்தோஷத்தை மாமனாரிடம் சொன்னதுதான் வினை. எங்களோடு இருந்தவர். பெற்ற பிள்ளையின் பேச்சையே மூன்று தரம் கேட்டுவிட்டுத்தான் நம்புவார். என் பேச்சுக்கு ஒரு தரம் போதும். பதிவேடு பார்க்கிறவள் தப்பாகப் படிக்கமாட்டாள் என்பது அவர் கட்சி. அவருக்கும் தனியாக ஒரு விண்ணப்பம் வரவழைத்தோம். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணியோடு இந்த வட்டி முடிகிறது என்று அதிகாரி சொல்லியிருந்தார். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு, மத்தியானம் போகலாம் என்றிருந்தேன். மாமனாருக்குப் பொறுக்கவில்லை. காலை பதினோரு மணிக்கே வங்கிக்குப் போய், ஓய்வு பெற்றபோது வந்த பணம் முழுவதையும் அனுப்பிவிட்டு வந்தார்.

"உனக்கு முன்னாடி நான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டுப் படுத்தார்.

ஒன்றரை மணிக்கு என் நாத்தனார் வந்தாள். அண்ணன் வேலை பார்த்த அதே கம்பெனியில் அவளும் லிப்ட் மெக்கானிக். இரண்டு வேலைக்கு நடுவே எங்கள் வீட்டில் சாப்பிடுவாள். மேசை மேலிருந்த கையேட்டைக் கிரீஸ் படாமல் இரண்டு விரலால் புரட்டினாள்.

"யாருகிட்ட விசாரிச்ச அண்ணி?"

"சரிபார்ப்புப் பிரிவுக்கே பேசினேன்."

"அந்த நம்பர் எங்க கெடச்சுது?"

"அதுலயேதான். கடைசிப் பக்கத்துல."

நாத்தனார் தட்டைத் தள்ளி வைத்தாள். "'நீ திருடனாப்பா'ன்னு திருடன்கிட்டயே கேட்டிருக்க."

"பதிவு எண் சரியா இருக்குடி. நானே பார்த்தேன்."

"நாளைக்கு உன் பேரையும் வீட்டு நம்பரையும் எழுதி நெத்தியில ஒட்டிக்கிட்டா நான் நீ ஆயிடுவேனா? லிப்ட் குழிக்குள்ள இறங்கறதுக்கு முன்னாடி அண்ணன் என்ன பண்ணுவான் தெரியுமா? கரண்ட் நின்னுடுச்சான்னு டெஸ்டர் வெச்சுப் பார்ப்பான். ஆனா அதுக்கும் முன்னாடி, கரண்ட் இருக்குன்னு நல்லாத் தெரிஞ்ச வயர்ல அந்த டெஸ்டரை வெச்சுப் பார்ப்பான். டெஸ்டரே செத்திருந்தா எல்லா வயரும் செத்த மாதிரிதான் தெரியும். நம்பிக் கை வெச்சா, ஆளு காலி. நீ டெஸ்டரைப் பார்க்கவே இல்ல அண்ணி."

எனக்குப் பொறி தட்டியது. அந்தப் பெண்ணிடம் நான் கேட்டதெல்லாம், அவள் ஆமாம் என்று சொல்லவேண்டும் என்று நான் விரும்பிய கேள்விகள். இல்லை என்று பதில் வரவேண்டிய கேள்வி ஒன்றைக் கேட்டால் என்ன சொல்வாள்?

அதே எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டேன்.

"என் வீட்டுக்காரர் ரெண்டு வருஷம் முன்னாடி உங்ககிட்ட ஒரு பாண்டு வாங்கியிருந்தார். நம்பர் ஏழு ஏழு நாலு ரெண்டு. அது இன்னும் இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க."

என் கணவர் தன் ஆயுளில் அப்படி எதுவும் வாங்கியதில்லை. விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"ஆமா மேடம், இருக்கு. வட்டியும் சேர்ந்திருக்கு. புதுசோட சேர்த்துடலாமா?"

நானே ஜோடித்த எண்தான். ஆனாலும் ஒரு கணம், எனக்குத் தெரியாமல் அவர் எதையோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நெஞ்சு துள்ளியது. அடுத்த கணம் உடம்பெல்லாம் சூடேறிவிட்டது. செத்தவர் பெயரில் அவள் வட்டி போட்டுக்கொண்டிருந்தாள்.

அரசாங்கப் பட்டியலில் நிறுவனத்தின் பெயருக்கு எதிரே வேறொரு தொலைபேசி எண் இருந்தது. அதற்குப் பேசினோம். எடுத்தவர் பாதி கேட்கும்போதே குறுக்கிட்டார்.

"எங்க பேரு, பதிவு எண், முகவரி எல்லாம் நெஜந்தாம்மா. அந்த ஃபோன் நம்பரும் பேங்க் அக்கவுண்டும்தான் எங்களோடது இல்ல. தனி ஆளுங்களுக்கு நாங்க பாண்டு விக்கறதே கெடையாது. பணம் கட்டிட்டீங்களா?"

"ஒருத்தர் கட்டிட்டார்."

"அப்ப என்கிட்ட பேசிக்கிட்டு நிக்காதீங்க. பேங்குக்கு ஓடுங்க."

மாமனாரை எழுப்பினோம். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்தது. ஆனால் கை பழக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டையைத் தேடியது.

"அப்பா, அங்க உன்னை போட்டோவா எடுக்கப் போறாங்க? ஏறு" என்று நாத்தனார் அவரை பைக்கின் பின்னால் உட்கார வைத்தாள். தெருமுனை திரும்பும்வரை அவளுடைய ஹாரன் ஓயவில்லை.

நான் வங்கியைத் தொலைபேசியில் பிடிக்கப் பார்த்தேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று ஒரு இயந்திரக் குரல் சொல்லிக்கொண்டிருந்தபோதே அந்த பாண்டு அதிகாரியின் அழைப்பு வந்தது. எடுத்தேன். என்னிடமிருந்தும் பணம் வரப்போகிறது என்று நம்பிப் பேசிக்கொண்டிருந்தால், மாமனாரின் பணத்தை எடுக்க அவசரப்படமாட்டான் என்று நினைத்தேன். அது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"அனுப்பிட்டீங்களா மேடம்?"

"இதோ சார். கண்ணாடியைத் தேடறேன். வட்டி மாசாமாசம் வருமா?"

"வரும் மேடம்."

"முப்பத்தோராம் தேதி இல்லாத மாசத்துல?"

"அதுக்கு முதல் நாள் வரும் மேடம்."

"அக்கவுண்ட் ஏதோ டிரேடிங் கம்பெனி பேர்ல இருக்கே சார்?"

"அது எங்க வசூல் ஏஜென்ட் மேடம்."

"ஓ. கண்ணாடி கெடச்சுடுச்சு. இப்ப பேனாவைக் காணோம்."

பத்து நிமிடம் இப்படியே ஓட்டினேன். பஞ்சுக் குரல் கல்லாகிவிட்டது. "போடறீங்களா இல்லையா? எனக்கு வேற வேலை இருக்கு" என்றான். நாத்தனாரின் அழைப்பு குறுக்கே வந்தது. அவன் அழைப்பை அப்படியே துண்டித்தேன்.

"பணம் இங்கதான் இருக்கு அண்ணி" என்றாள். மூச்சிரைத்தது. "புது அக்கவுண்டுக்குப் பெரிய தொகைன்னா நாலு மணி நேரம் பிடிச்சு வெப்பாங்களாம். மூணு மணிக்குப் போயிருக்கும்."

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு முப்பத்தெட்டு. அவளுக்குப் பின்னால் மாமனாரின் குரல், "என்கிட்ட கொடு" என்றது.

"நீ சொன்னேன்னு போட்டேன்மா. இப்ப நீ சொன்னேன்னு எடுக்கறேன். கையெழுத்துப் போட்டாச்சு. இனிமே உன்னையும் மூணு தரம் கேட்டுத்தான் நம்புவேன்."

"கேளுங்க மாமா" என்றேன்.

வங்கி அதிகாரி அவரிடமிருந்து கைபேசியை வாங்கினார். வேகமாகப் பேசும் பெண். "உங்க ஃபார்ம் கையில இருக்கா? அதுல இருக்கற அக்கவுண்ட் நம்பரைப் படிங்க."

ஒவ்வொரு இலக்கமாகப் படித்தேன்.

"இது உங்க மாமனார் அனுப்பினது இல்லியே. வேற அக்கவுண்ட்" என்றார். பிறகு விசைகள் சடசடத்தன. "இதுக்கு எங்க பிராஞ்சுல இருந்தே இன்னிக்கு மூணு பேர் அனுப்பியிருக்காங்க. கடைசி ஆறு இலக்கத்தை இன்னொரு தடவை சொல்லுங்க, மெதுவா."

சொன்னேன். அவர் என்னை மறந்துவிட்டு, மூன்று பெயர்களை உரக்கப் படித்து, ஆளுக்கு ஒருவராகக் கூப்பிடச் சொல்லிப் பக்கத்து மேசைகளை விரட்டுவது எனக்குக் கேட்டது. முதல் அழைப்பை மறுமுனையில் யாரோ எடுத்துவிட்டார்கள்.